நீர் அரைகுறையாக வடியும் இருபொறை விளைநிலம்: மண்ணை விவரிப்பதும் வகைப்படுத்துவதும்

மேல்மண் காய்ந்து உழவுக்குத் தயாராகிவிட்டதுபோல் தெரியும். ஆனால் முக்கால் அடிக்குக் கீழே வெட்டினால் மண் இன்னும் சொதசொதவென்றிருக்கும். பயிரின் வேர் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காமல் பக்கவாட்டில் படரும். இப்படிப்பட்ட இருபொறை நிலங்கள் (மணலும், அதைவிட நுண்ணிய வண்டலும், மிக நுண்ணிய களியும் கலந்த மண்) நன்றாக வடியும் நிலத்துக்கும் நீர் தேங்கும் நிலத்துக்கும் நடுவில் இருப்பதால், வகைப்படுத்துவதில் அதிகப் பிழை இவற்றில்தான் நேர்கிறது. பிழைக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: பெயரை முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு அதற்குத் தோதாக மண்ணைப் பார்ப்பது. குழியில் கண்டதை எழுதி முடிக்கும்வரை பெயரைப் பற்றி யோசிக்கக் கூடாது.

வடிகால் தன்மையை ஏழு வகையாகப் பிரிப்பது வழக்கம். மிதமிஞ்சி வடிவதில் தொடங்கி, மிக மோசமாக வடிவதில் முடியும் அந்த வரிசையில் நாம் பேசும் நிலம் ஐந்தாவது. பயிர்ப் பருவத்தில் கணிசமான காலம் ஆழமில்லாத மட்டத்திலேயே நீர் நிற்பதுதான் இதன் இலக்கணம். அந்த நீர் வந்துபோனதற்கான தடயம் மண்ணின் நிறத்தில் பதிந்திருக்கும். அதைப் படிப்பதுதான் வேலையின் பாதி.

குழி எங்கே, எப்படி

முதலில் மண் துளைப்பானால் வயலில் நாலைந்து இடத்தில் துளைத்துப் பாருங்கள். பெரும்பாலான துளைகளில் வரும் மண்ணை ஒத்த இடத்தில்தான் குழி வெட்ட வேண்டும். வரப்போரம், வண்டித் தடம், பழைய எருக்குழி, உழவில் விழும் கடைசிச் சால், புதைத்த வடிகால் குழாய் அல்லது மின்கம்பி போகும் தடம் ஆகியவற்றைத் தவிருங்கள். ஒரு முழம் தள்ளி வெட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். குழாய்க்காக முன்பு தோண்டி மூடிய மண், இயற்கை அடுக்குகளைப் பல அடி அகலத்துக்குக் கலைத்திருக்கும்.

அகலம் 1 மீட்டர், நீளம் 1.5 முதல் 2 மீட்டர், ஆழம் 1.5 மீட்டர் போதும். அதற்குக் கீழே 2 மீட்டர்வரை குழியின் அடியிலிருந்து துளைப்பானால் எடுக்கலாம். ஈரமான சுவர் சரியும். இடுப்புக்கு மேல் ஆழம் போகும்போது ஒரு பக்கம் படிகளாக வெட்டிக்கொள்ளுங்கள், தனியாக இறங்காதீர்கள். வெயில் நேரே விழும் சுவரைப் பார்வைக்கு வைத்து, அந்தப் பக்கத்தின் மேல் யாரும் மிதிக்காமலும் மண்ணைக் கொட்டாமலும் காக்க வேண்டும். மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியே குவித்தால் திரும்ப மூடும்போது வயல் கெடாது.

மண்வெட்டி பட்ட சுவர் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும், அதில் எதையும் படிக்க முடியாது. கத்தி முனையால் மேலிருந்து கீழாக 2–3 செ.மீ. கெல்லி எடுத்து, கட்டிகள் தம் இயல்பான பிளவில் உடையும்படி விடுங்கள். அளவு நாடாவைத் தொங்கவிட்டு, தரையில் கிடக்கும் சருகுக்குக் கீழே மண் தொடங்கும் இடத்தைப் பூச்சியமாக வையுங்கள்.

குழிக்குள் இறங்குமுன்பே எழுத வேண்டியவை: ஆள்கூறுகள், சரிவு எத்தனை சதவீதம், மேடா தாழ்வா குழிவா, தாய்ப்பொருள் (மண் உருவான மூலப்பொருள்), நிற்கும் பயிர், கடைசி மழை எப்போது, செயற்கை வடிகால் உண்டா. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு வகைப்படுத்தும்போது அது இல்லாமல் திண்டாடுகிறார்கள்.

அடுக்குகளைப் பிரித்தல்

நிறம், நயம் (மணல், வண்டல், களி கலந்திருக்கும் விகிதம்), கட்டமைப்பு (மண் கட்டிகளாகப் பிரியும் விதம்), வேரின் அடர்த்தி, கத்திக்குக் கொடுக்கும் எதிர்ப்பு ஆகியவற்றில் எது மாறினாலும் அங்கே ஒரு கோடு போடுங்கள். எழுத்துக் குறிகள் எளிமையானவை. உழவு படும் மேல்மண் ஏபி (Ap). களியும் இரும்பும் கழுவப்பட்டு வெளிறிய அடுக்கு ஈ (E). மேலிருந்து இறங்கிய களி படிந்த அடிமண் பிடி (Bt). சாம்பல் நிறமே மேலோங்கிய களிப் படிவு என்றால் பிடிஜி (Btg). அதிகம் மாறாத தாய்ப்பொருள் சி (C). அடிமண்ணுக்கும் தாய்ப்பொருளுக்கும் இடைப்பட்டது பிசி (BC). ஓர் அடுக்கே இரண்டாகப் பிரிந்தால் 1, 2 என்று எண் சேர்க்க வேண்டும்.

எல்லை எவ்வளவு தூரத்தில் மாறுகிறது என்பதையும் எழுத வேண்டும். 2 செ.மீ.க்குள் மாறினால் திடீர் எல்லை, 2–5 தெளிவானது, 5–15 படிப்படியானது, அதற்கும் மேல் போனால் மங்கலானது. ஏபி அடுக்கின் அடி எல்லை கத்தியால் கீறியதுபோல் நேராக இருப்பது உழவின் அடையாளம். அதற்கு அடியில் தட்டுத்தட்டாக இறுகிய 5–10 செ.மீ. இருந்தால், கலப்பையும் டிராக்டர் சக்கரமும் உண்டாக்கிய இறுக்கம் அது. அதன்மேல் நிற்கும் நீரை இயற்கையான நீர்த்தேக்கம் என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தட்டை உடைத்துக் கீழே பாருங்கள். சாம்பல் திட்டு தட்டோடு முடிந்து, கீழே ஒரே பழுப்பாக இருந்தால் குறை உழவில் இருக்கிறது.

நயம்

ஓர் உருண்டை மண்ணைச் சிறிது சிறிதாக நனைத்து ஒன்றிரண்டு நிமிடம் பிசையுங்கள். கோந்துபோல் கையில் ஒட்டினால் நீர் அதிகம், உதிர்ந்தால் குறைவு. பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளுங்கள். 2.5 செ.மீ.க்குள் ஒடிந்தால் இருபொறை வகை, 2.5 முதல் 5 வரை நீண்டால் களி இருபொறை வகை, அதற்கும் மேல் போனால் களி. மீதியை உள்ளங்கையில் நிறைய நீர் விட்டுத் தேயுங்கள். நறநறவென்றிருந்தால் மணல் மிகுதி, மாவுபோல் வழுக்கினால் வண்டல் மிகுதி, இரண்டும் ஓங்காவிட்டால் நடுத்தரம். இருபொறையின் வரம்பு களி 7–27, வண்டல் 28–50, மணல் 52 சதவீதத்துக்கு மிகாமல் என்பதாகும். கரிமப் பொருள் மிகுந்த மேல்மண் விரலுக்கு வண்டல்போலவே படும், அங்கே ஏமாறுவது எளிது.

விரல் கணிப்பு களத்துக்குப் போதும், வகைப்படுத்த ஆய்வக எண் வேண்டும். நீர்ம அடர்த்திமானி முறையில் 2 மி.மீ. சல்லடையில் சலித்த 50 கிராம் மண்ணை 5 சதவீத சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசல் 100 மி.லி.யில் ஊறவைத்து, கலக்கி, 1 லிட்டராக்கி, உருளையில் கலந்து விடவும். 40 வினாடியில் எடுக்கும் அளவு வண்டலும் களியும் சேர்ந்தது. களிக்கான இரண்டாவது அளவைப் பழைய முறையில் 2 மணி நேரத்தில் எடுப்பார்கள். அதில் நுண்வண்டலும் களியாக எண்ணப்பட்டுவிடும் என்பதால் இன்னும் பல மணி நேரம் பொறுத்து எடுப்பது நல்லது. மண் இல்லாத வெறும் கரைசலின் அளவைக் கழிக்காமல் விட்டால் களி உள்ளதைவிடக் கூடிக் காட்டும். திருத்திய பிறகு 40 வினாடி அளவு லிட்டருக்கு 32.5 கிராம், களி அளவு 14.5 கிராம் என்றால், மணல் 35, களி 29, வண்டல் 36 சதவீதம். அது களி இருபொறை.

நிறமும் திட்டுகளும்

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். மன்செல் நிற அட்டையில் ஒவ்வொரு நிறத்துக்கும் சாயல், வெளிர்வு, செறிவு என மூன்று அளவுகள் உண்டு. 10 ஒய்ஆர் (10YR) 4/2 என்றால் சாயல் 10 ஒய்ஆர், வெளிர்வு 4, செறிவு 2. புதிதாக உடைத்த முகத்தை ஈரமாக, நேர் வெயிலில், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பாருங்கள். அதிகாலையிலும் மாலையிலும் வெளிச்சமே சிவப்பாக இருப்பதால் சாயல் ஏமாற்றும். உலர்ந்த மண் என்றால் நீர் தெளித்து, நிறம் மேலும் மாறாத நிலை வந்த பிறகு ஒப்பிடுங்கள். மேல்மண்ணுக்கு மட்டும் உலர்நிறமும் வேண்டும். ஈரத்தில் வெளிர்வும் செறிவும் 3 அல்லது குறைவு, உலர்ந்தால் வெளிர்வு 5 அல்லது குறைவு என்றால், கறுப்பான வளமான மேலடுக்கு இருக்கக்கூடும். அப்போது மண்ணின் பெயரே வேறு வரிசைக்குப் போய்விடும்.

நீர் நிரம்பிய மண்ணில் காற்று இல்லை. நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைக்கும்போது ஆக்சிஜனுக்குப் பதில் இரும்பைப் பயன்படுத்துகின்றன. துருநிற இரும்பு கரையும் இரும்பாக மாறி நகர்கிறது. அது வெளியேறிய இடம் சாம்பலாகிறது, காற்று படும் இடத்தில் மறுபடி படிந்து ஆரஞ்சு அல்லது செம்பழுப்பாகிறது. செறிவு 2 அல்லது குறைவு, வெளிர்வு 4 அல்லது அதிகம் என்றால்தான் வெளிர்சாம்பல் திட்டு என்று கணக்கு. வெறுமனே 'கொஞ்சம் சாம்பல்' என்று எழுதுவது யாருக்கும் உதவாது.

ஒவ்வொரு வகைத் திட்டுக்கும் அளவு, பருமன், எடுப்பு (சுற்றியுள்ள நிறத்திலிருந்து எவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது), நிறம், இருக்கும் இடம், விளிம்பின் கூர்மை ஆகிய ஆறையும் எழுதுங்கள். பரப்பில் 2 சதவீதத்துக்குக் கீழ் சில, 2 முதல் 20 வரை பரவலாக, 20க்கு மேல் மிகுதி. 2 மி.மீ.க்குக் குறைந்தது நுண்ணியது, 2–5 நடுத்தரம், 5–20 பெரிது. சதவீதத்தைக் கண்ணால் மட்டும் கணித்தால் எல்லோருமே கூட்டித்தான் எழுதுவார்கள். பரப்பு ஒப்பீட்டு அட்டையை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருக்கும் இடம் என்பதை மிகக் கவனமாகப் பாருங்கள். ஒரு கட்டியை எடுத்துக் கையால் பிளந்து, வெளிமுகத்தையும் உள்ளகத்தையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். வெளிமுகமும் வேர்த்தடமும் சாம்பலாக, உள்ளே துருநிறமாக இருந்தால், மேலிருந்து வந்த மழைநீர் அடைபட்ட அடுக்கின்மேல் நின்றிருக்கிறது. நீர் கட்டிகளின் இடுக்கில் இறங்கி அங்கே முதலில் இரும்பை எடுத்துவிடும். மாறாக உள்ளகம் சாம்பலாக, வேர்த்தடமும் வெளிமுகமும் துருநிறமாக இருந்தால், கீழிருந்து ஏறும் நிலத்தடி நீர் என்று கொள்ளலாம். காற்று நுழையும் வழியில் மட்டும் துரு படிந்திருக்கும். வடிகால் குழாயை எந்த ஆழத்தில், எந்த இடைவெளியில் பதிப்பது என்ற முடிவு இந்த ஒரு வேறுபாட்டிலேயே பெருமளவு அடங்கியிருக்கிறது. குழிக்கு வெளியே போன பிறகு இதை நினைவிலிருந்து எழுத முடியாது.

விளிம்பும் பேசும். திட்டின் நிறம் சுற்றிலும் மெல்லக் கரைந்து மறைந்தால் அது இன்றும் நடக்கும் வேலை. கூர்மையான விளிம்பும் உருண்ட வடிவமும் உள்ள இரும்பு உருண்டைகள் முன்காலத்து ஈரத்தின் மிச்சமாகவோ வேறிடத்திலிருந்து அடித்து வரப்பட்டவையாகவோ இருக்கலாம். அவற்றை மட்டும் வைத்து இன்றைய நீர்மட்டத்தைத் தீர்மானிக்கக் கூடாது. வெளிறிய ஈ அடுக்கும் பொறி வைக்கும். இரும்பு கழுவப்பட்டதாலேயே அது சாம்பலாகத் தெரியும், துருத்திட்டு உடன் இல்லாவிட்டால் நீர்த்தேக்கத்துக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். தாய்ப்பொருளே சாம்பலாகவோ அடர்சிவப்பாகவோ இருக்கும் நிலத்தில் நிறம் முழு உண்மையைச் சொல்லாது.

சந்தேகம் தீர, கரையும் இரும்பைக் காட்டிக்கொடுக்கும் டைபிரிடில் கரைசலை உடைத்த முகத்தில் சொட்டலாம். சில வினாடிகளில் இளஞ்சிவப்பானால் கரையும் இரும்பு இப்போது இருக்கிறது. இரும்புக் கருவி பட்ட இடத்தில் சொட்டக் கூடாது, வெயிலிலும் வைக்கக் கூடாது, இரண்டுமே பொய்யாகச் சிவக்க வைக்கும். வறண்ட பருவத்தில் சிவக்காமல் போவது இயல்பு, அதனால் 'நீர்த்தேக்கம் இல்லை' என்று பொருளாகாது. கரைசல் நச்சு, கையுறை அவசியம்.

மற்ற குறிப்புகள்

கட்டமைப்பில் உறுதி, பருமன், வடிவம் மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும்: 'மிதமான, நடுத்தர, கோண மழுங்கிய கட்டி' என்பதுபோல. கட்டியாக இருந்தால் 5–10 மி.மீ. நுண்ணியது, 10–20 நடுத்தரம், 20–50 பெரிது. ஈரக் கட்டியை விரலிடையே அழுத்தி எளிதில் உதிர்கிறதா, இறுகியதா என்று குறியுங்கள். பிடி அடுக்கில் கட்டியின் முகத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். மெழுகுபோல் மினுங்கும் களிப்பூச்சு தெரிந்தால் களி மேலிருந்து இறங்கியிருக்கிறது. மண்வெட்டி தேய்த்த மினுக்கத்தைக் களிப்பூச்சு என்று நம்பிவிடாதீர்கள். உண்மையான பூச்சு வேர்த்துளைகளின் உள்ளேயும் இருக்கும்.

சுண்ணாம்புக்கு, 1 பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 11 பங்கு நீரில் ஊற்றித் தயாரித்த கரைசல். அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் அல்ல. குமிழி எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்பதே தேவையான தகவல். கார அமில நிலையை எழுதும்போது மண்ணும் நீரும் எந்த விகிதம் என்பதையும் எழுதுங்கள். மாதிரிகளை அடியிலிருந்து மேலாக, அடுக்குக்கு 1 கிலோ எடுத்தால் மேல்மண் சிந்திக் கலக்காது.

வடிகால் வகையைத் தீர்மானித்தல்

வெளிர்சாம்பல் திட்டு முதலில் தலைகாட்டும் ஆழமே முதல் ஆதாரம். பொதுவாக 50 செ.மீ.க்குக் கீழே, 1 மீட்டருக்குள் என்றால் ஓரளவு நன்றாக வடியும் நிலம். உழவடுக்குக்குக் கீழே 50 செ.மீ.க்குள் தொடங்கி, ஆனால் பழுப்பே இன்னும் மேலோங்கியிருந்தால் நம் நிலம். உழவடுக்குக்கு உடனே கீழே சாம்பலே ஆளுகிறது என்றால் மோசமாக வடிவது. கறுத்த மேல்மண் தன்னிடமுள்ள திட்டுகளை மறைத்துவிடும், ஆகவே அங்கே தேடுவதைவிட அதன் அடி எல்லையில் தேடுங்கள்.

குழாய் பதித்து வடித்த நிலமாக இருந்தாலும் இயற்கை வடிகால் வகையையே எழுத வேண்டும், செயற்கை வடிகாலைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். நிறம் நீரைவிட மிக மெதுவாக மாறும்.

நிறம் தெளிவில்லை என்றால் துளையிட்ட குழாய்களை நட்டு வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை அளவிடலாம். ஒரே ஆழக் குழாய் போதாது. அடைபட்ட அடுக்கைத் துளைத்துக்கொண்டு போகும் குழாய் வழியாக மேலே நின்ற நீர் கீழே வடிந்துபோகும், 'நீரே இல்லை' என்று பதிவாகும். அந்த அடுக்குக்கு மேலேயே நிற்கும் குட்டைக் குழாய் ஒன்றும், அதைக் கடந்து போகும் நீளக் குழாய் ஒன்றும் வேண்டும். நீளக் குழாயைச் சுற்றிப் பென்டோனைட் களியால் அடைக்க வேண்டும்.

பெயருக்கு வருதல்: ஒரு மாதிரி

அமெரிக்க வேளாண் துறையின் மண் வகைப்பாடு 1975இல் நூலாக வெளிவந்தது. இன்று அதில் 12 வரிசைகள் (மண்ணின் மிகப் பெரிய பிரிவுகள்) உள்ளன. அதன் திறவுகோலை மேலிருந்து கீழாக, எதையும் தாண்டாமல் படிக்க வேண்டும். கைப்பழக்கத்துக்காக ஒரு கற்பனைக் குழியை எடுத்துக்கொள்வோம்.

ஏபி 0–22 செ.மீ.: இருபொறை, களி 18, ஈரநிறம் 10 ஒய்ஆர் 4/2.
ஈ 22–30: இருபொறை, களி 16, நிறம் 5/3, சில நுண் துருத்திட்டுகள்.
பிடி1 30–48: களி இருபொறை, களி 29, மணல் 35, நிறம் 4/4, கட்டிமுகங்களில் 5/2 வெளிர்சாம்பல் 15 சதவீதம், உள்ளே 7.5 ஒய்ஆர் 5/6 துரு, களிப்பூச்சு உண்டு.
பிடி2 48–80: களி இருபொறை, களி 31, மணல் 34, வெளிர்சாம்பல் 30 சதவீதம்.
பிசி 80–105: இருபொறை, களி 25, லேசான குமிழி.
சி 105–200: இறுகிய இருபொறை, களி 22, கடும் குமிழி.

மேல்மண்ணின் ஈர வெளிர்வு 4, ஆகவே கறுத்த வளமேலடுக்கு இல்லை, அது உள்ள மண்களின் வரிசையான மாலிசால் விலகியது. அடுத்து ஆர்ஜிலிக் அடுக்கு (மேலிருந்து இறங்கிய களி சேர்ந்த அடிமண்) உண்டா? மேலடுக்கில் களி 15–40 சதவீதம் என்றால் அடிமண்ணில் 1.2 மடங்கு வேண்டும், அந்த உயர்வு 30 செ.மீ. ஆழ இடைவெளிக்குள் வர வேண்டும். 16 × 1.2 = 19.2, இங்கே 29 இருக்கிறது, பூச்சும் இருக்கிறது. தேறியது. அடியில் சுண்ணாம்பு இருப்பதால் காரத் தெவிட்டல் (சுண்ணாம்பு போன்ற காரச் சத்துகள் மண்ணில் பிடித்திருக்கும் பங்கு) 35 சதவீத வரம்பைத் தாண்டும், அது குறைந்த மண்களின் வரிசையான அல்டிசால் அல்ல. வரிசை ஆல்ஃபிசால்.

இப்போது துணை வரிசை. ஈர ஆல்ஃபிசாலான ஆக்வால்ஃப் ஆக வேண்டுமானால், உழவடுக்கின் அடி அல்லது 25 செ.மீ., இதில் எது ஆழமோ அதிலிருந்து 40 செ.மீ. வரை எல்லா அடுக்கிலும் திட்டுகள் இருக்க வேண்டும். கூடவே ஆர்ஜிலிக்கின் மேல் 12.5 செ.மீ.க்குள் வெளிர்சாம்பல் 50 சதவீதம் அல்லது மேல் இருக்க வேண்டும். இங்கே 30 முதல் 42.5 செ.மீ. வரை 15 சதவீதம்தான், டைபிரிடிலும் சிவக்கவில்லை என்று வைப்போம். ஆகவே ஆக்வால்ஃப் அல்ல. ஆண்டு முழுதும் பெரும்பாலும் ஈரம் குறையாத பருவநிலை என்றால் யூடால்ஃப். 1.5 மீட்டருக்குள் களி உச்சத்திலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது (31இலிருந்து 22), பழைய மண்ணுக்கான பேலியூடால்ஃப் விலகி ஹாப்லூடால்ஃப் நிற்கும். ஆர்ஜிலிக்கின் மேல் 25 செ.மீ.க்குள் வெளிர்சாம்பல் திட்டும் பருவத்தில் நீர் நிறைவும் இருப்பதால் ஆக்விக் ஹாப்லூடால்ஃப்.

இதே குழியில் பிடி1 அடுக்கின் கட்டிமுகங்களில் வெளிர்சாம்பல் 60 சதவீதம் என்று எழுதியிருந்தால் மண் ஆக்வால்ஃபுக்குப் போயிருக்கும். அங்கே நீர் அடைபட்டு நிற்பதா, கீழ்மட்டம்வரை நிறைந்ததா என்பதைப் பொறுத்து எபிஆக்வால்ஃப் அல்லது எண்டோஆக்வால்ஃப். பரப்புச் சதவீதத்தை அட்டையோடு ஒப்பிடச் சொன்னது இதற்காகத்தான்.

குடும்பப் பெயருக்கு ஆர்ஜிலிக்கின் மேல் 50 செ.மீ. சராசரியை எடுக்க வேண்டும்: (18 × 29 + 32 × 31) ÷ 50 = 30.3 சதவீதம் களி. 18–35க்குள் வருகிறது. நுண்மணலும் அதற்குப் பெரிய துகள்களும் சேர்ந்து 15 சதவீதத்துக்கு மேல் என்றால் நுண்-இருபொறை, குறைந்தால் நுண்-வண்டல். மிக நுண்ணிய மணல் இந்தக் கணக்கில் வண்டலோடு சேரும் என்பதை மறக்க வேண்டாம். நேரயனி மாற்றுத்திறன் (நேர்மின் சத்துகளை மண் பிடித்துவைக்கும் திறன்) 15 என்றால் 15 ÷ 30.3 = 0.50, அதாவது 0.40–0.60க்குள், 'ஆக்டிவ்'. 50 செ.மீ. ஆழத்தில் ஆண்டுச் சராசரி வெப்பம் 8–15 டிகிரி என்றால் மெசிக், 15–22 தெர்மிக், 22க்கு மேல் ஹைப்பர்தெர்மிக். கனிமக் கலவையில் எதுவும் ஓங்காவிட்டால் 'மிக்ஸ்டு'.

ஆக, மெசிக் வெப்பத்தில் முழுப் பெயர்: நுண்-இருபொறை, மிக்ஸ்டு, ஆக்டிவ், மெசிக் ஆக்விக் ஹாப்லூடால்ஃப்.

களிப்பூச்சும் களி உயர்வும் இல்லாத நிலம் என்றால் வேறு பாதை. கட்டமைப்பு மட்டும் வளர்ந்த அடிமண் இன்செப்டிசாலுக்கு இட்டுச் செல்லும், அங்கே துகள் கணக்கை 25 முதல் 100 செ.மீ. வரை எடுக்க வேண்டும். உலக மண் வள மேற்கோள் முறையில் எழுதுபவர்களுக்கு, நம் மாதிரிக் குழி, களி இறங்கிப் படிந்த மண்களின் லுவிசால் குழுவில் விழும். கட்டிமுகம் சாம்பல், உள்ளகம் துரு என்ற குறிப்பு 'ஸ்டேக்னிக்' அடைமொழிக்குத் தேவை, நிலத்தடி நீர் வடிவமானால் 'கிளேயிக்'. கட்டியைப் பிளந்து எழுதிய அந்த வரி குறிப்பேட்டில் இல்லாவிட்டால், இரண்டில் எதையும் போட முடியாது. மீண்டும் குழி வெட்ட வேண்டியதுதான்.